ரோலர் மாவு

1986 டிசம்பர் முதல் வாரம், ஸாம்பியாவில் வெள்ளை மக்காச்சோள மாவின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ரோலர் மாவின் விலை மாறவில்லை.

ரோலர் மாவு தவிடோடு அரைத்தது. பழுப்பாக இருக்கும், களி கிண்டினால் நாக்கில் சொரசொரக்கும். ஆனால் ஒருவேளை தின்றால் அடுத்த வேளைவரை வயிறு கேட்காது. ஏழைகள் அதை வாங்கிக்கொள்ளலாம், அதில் ஆலைகளுக்கு வரும் நஷ்டத்தை அரசாங்கம் கொடுத்துவிடும் என்று வானொலி சொன்னது. ஆலைகளுக்கோ பழைய பாக்கியே வந்து சேரவில்லை. கடன் கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் மானியத்தை வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செம்பு விலை விழுந்துவிட்டதால் அரசாங்கத்தின் கஜானாவும் காலி. ஆலைக்காரர்கள் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ரோலர் அரைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கிட்வே நகரத்துக்கு வெளியே, சுரங்கத்தின் கழிவுமேட்டுக்குக் கீழே இருக்கிறது முகுயு குடியிருப்பு. அங்கே அரசுக் கடை ஒன்றுதான். தகரக் கூரை, முன்னால் கம்பி போட்ட ஜன்னல், பின்னால் ஜன்னலில்லாத ஒரு சரக்கறை. கடையைப் பார்த்துக்கொண்டவர் செப்ரோன் சோகோ, கிழக்கிலிருந்து வந்த இங்கோனிக்காரர். கடைக்குப் பின் வரிசையில் இரண்டு அறை வீடு அவருக்கு வேலையோடு சேர்ந்து கிடைத்தது. வேலை இருக்கும்வரை வீடு. அவர் மனைவி எஸ்தெலே வீட்டின் கொல்லையில் பூசணியும் கீரையும் போட்டிருந்தாள். மூத்த மகளின் பெயரைச் சேர்த்து, தாலிதாவின் தாய் என்ற பொருளில், பானா தாலிதா என்றுதான் வரிசையில் எல்லோரும் அவளைக் கூப்பிடுவோம்.

அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தவன் கடேபே, பெம்பாக்காரன். சுரங்கத்தின் அடியில் மரமுட்டுக் கொடுக்கிற வேலை. பெம்பா, இங்கோனி என்ற இந்த இரண்டு இனத்தாரும் பாட்டன் காலத்தில் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்கள். அந்தச் சண்டை முடிந்தபோது பிறந்தது மச்சான் முறை. பெம்பாக்காரன் இங்கோனிக்காரனை எங்கே கண்டாலும் ஏசலாம், தட்டிலிருந்து எடுத்துத் தின்னலாம். இவன் அவனுக்கும் அப்படியே செய்யலாம். கோபப்பட்டவன் கோழி அபராதம் கொடுக்க வேண்டும். மச்சான் கேட்கிற கேள்விக்கு நேரான பதில் சொல்வதும் தோல்விதான்.

இருவருக்கும் பொழுது இப்படித்தான் விடியும்.

"என்னடா எலி தின்னி, வளைய விட்டு வெளிய வந்துட்டியா?" என்பான் கடேபே.

"நீ மரத்துலருந்து எறங்கிட்டியா குரங்கு தின்னி? வால எங்க, கால்சட்டைக்குள்ள மடிச்சு வெச்சிருக்கியா?"

"எங்க பாட்டன் ஈட்டியால குத்தினதுல உங்க பாட்டனுக்கு இன்னும் உக்கார முடியலயாமே."

"குத்தினவன் எங்களுக்குத் தண்ணி எடுத்த கதைய உன் பொண்டாட்டிகிட்ட சொல்லலயா?"

கடேபேயின் மனைவி பவுலினா கரியடுப்பை விசிறிக்கொண்டே, "ரெண்டு பேரையும் ஒரே மூட்டைல கட்டி ஆத்துல போடணும்" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை காலை லாரி வந்தது. மழை விட்டிருந்தது. பெண்கள் செஞ்சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தார்ப்பாயை விலக்கியதும் நீலக்கோடு போட்ட வெள்ளை மாவு மூட்டைகள் தெரிந்தன. ரோலர் மூட்டைக்குப் பச்சைக்கோடு. ஒன்றுகூட இல்லை.

"ரோலர் எங்கய்யா?" என்றாள் முன்னால் நின்ற பவுலினா.

"ஆலைல ரோலர் ஓடலம்மா" என்றார் லாரிக்காரர்.

"பழைய விலைதான்னு ரேடியோல சொன்னாங்களே?"

"அப்ப ரேடியோகிட்டயே போய் வாங்கிக்க."

செப்ரோன் பலகையில் பழைய விலையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வந்த தாளைப் பார்த்துப் புதிய விலையைச் சாக்பீஸால் எழுதினார். பிறகு பின்னாலிருந்து ஒருத்தி, "ஒரு சைபரத் தப்பாப் போட்டுட்டே, அழி" என்றாள். சிலர் சிரித்தார்கள். அவர் அழிக்கவில்லை என்று தெரிந்ததும் அவள் தரையில் துப்பிவிட்டுப் போனாள். அன்று மூட்டை வாங்கியவர்கள் நாலைந்து பேர். மற்றவர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பினார்கள்.

மாலையில் ஆண்கள் பீர்க் கொட்டகையில் இருந்தார்கள். சோள பீர் ஒரே குவளையில் கைமாறிக்கொண்டிருந்தது. வாசலோரம் டேவிசன் உட்கார்ந்திருந்தான். சுரங்கத்தில் ஆட்குறைப்பு செய்தபோது வெளியே வந்தவன், இருபத்தைந்து வயதிருக்கும். தாய் ஒரு இனம், தகப்பன் ஒரு இனம், பிறந்தது குடியிருப்பில். மச்சான் முறை என்றால் கிழவர்களின் விளையாட்டு என்பதற்குமேல் அவனுக்குத் தெரியாது. அவனோடு அவனைப் போலவே சில பேர்.

செப்ரோன் உள்ளே நுழைந்ததும் கடேபே குவளையை நீட்டாமல் பிடித்துக்கொண்டான்.

"எலி மச்சான், உண்மையைச் சொன்னாத்தான் பீர். ரோலர் மூட்டையெல்லாம் எங்கடா பதுக்கி வெச்சிருக்கே?"

செப்ரோன் காலையிலிருந்து வசவு வாங்கியிருந்தார். அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

"சரக்கறைலதான். கூரைவரைக்கும் அடுக்கியிருக்கேன். மேல எங்க ஊர் எலிங்க படுத்துத் தூங்குது. குரங்குக்குக் கிடையாது."

"நான் வால ஆட்டிக் கேட்டா?"

"வால்லாம் வேணாம். முழங்கால் போட்டு, ரெண்டு கையையும் தட்டி, 'எசமான்'னு கூப்பிடு. தவிடு போடறேன்."

கொட்டகை சிரித்தது. கடேபேதான் அதிகம் சிரித்தான், பீர் மூக்கில் ஏறிவிட்டது.

வாசலோரத்திலிருந்து டேவிசன் கேட்டான்: "அப்ப சரக்கறைல இருக்கு?"

"உனக்குக்கூட ஒரு மூட்டை எடுத்து வெச்சிருக்கேன் தம்பி" என்றார் செப்ரோன், திரும்பிப் பார்க்காமலே. குவளை அவர் கைக்கு வந்துவிட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பு மாம்பழம் தின்றது. டிசம்பரில் மாம்பழத்துக்குக் குறைவில்லை. களி இல்லாத வீட்டில் பிள்ளைகள் காலையிலும் பழம், மதியமும் பழம் தின்று வயிற்றால் போனார்கள். பவுலினா பூசணி இலையை நிலக்கடலைப் பொடி போட்டு வேகவைத்தாள். கூடத் தின்னக் களி இல்லாமல் அதைத் தனியாகத் தின்னச் சொன்னபோது அவள் கடைசி மகள் அழுதாள். எஸ்தெலே தன் வீட்டுப் பானையைச் சுரண்டி ஒரு பேசினில் மாவு கொண்டுவந்து வைத்தாள்.

பவுலினா விரலால் மாவைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இது ரோலராச்சே, பானா தாலிதா."

"போன மாசத்து மாவு. பானை அடில கிடந்தது."

"ம்."

"என்ன ம்?"

"குழாயடில பேசிக்கறாங்க. சரக்கறைல இருக்குன்னு உன் வீட்டுக்காரரே வாயால சொன்னாராம்."

"உன் வீட்டுக்காரன் கிண்டினான், இவர் பதிலுக்குக் கிண்டினார். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்" என்றாள் பவுலினா. மாவை வாங்கிக்கொண்டாள். எஸ்தெலே போனபிறகு அதை மறுபடி விரலால் தேய்த்தாள்.

திங்கட்கிழமை வடக்குப் பக்கக் குடியிருப்புகளிலிருந்து புகை எழுந்தது. கடைகளை உடைக்கிறார்கள் என்று நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். கடேபே பாதி வேலையில், வெறும் வயிற்றோடு, சுரங்கத்தின் அடியில் மயங்கி விழுந்து, மேலே ஏற்றி அனுப்பப்பட்டிருந்தான். மதியம் ஏரியா மேனேஜர் வெள்ளை வேனில் வந்தார். எஞ்சினை நிறுத்தவில்லை.

"நாளைக்குக் கடை திறந்திருக்கணும், சோகோ."

"ஐயா, ஜனங்க கோபமா இருக்காங்க. ரெண்டு நாள் மூடிட்டா—"

"மூடினா அரசாங்கம் பயந்துபோச்சுன்னு அர்த்தம். போலீஸுக்குச் சொல்லியாச்சு, வருவாங்க."

"அப்ப அந்தச் சரக்கறையையாவது எல்லாருக்கும் திறந்து காட்டிரட்டுமா? அதுல ரோலர் இருக்குன்னு ஒரு பேச்சு."

"யாரு கிளப்பின பேச்சு?"

செப்ரோன் இடுப்பிலிருந்த சாவியைத் தடவினார்.

"அரசாங்கச் சரக்கறையைக் கண்டவனுக்கெல்லாம் திறந்து காட்டுவியா? முடியலன்னா சாவிய இப்பவே குடு. வீட்டுச் சாவியையும் சேத்துக் குடு."

அன்று பொழுது சாயும்போது இடியும் மழையுமாக இருந்தது. எஸ்தெலே கீரையை மட்டும் வைத்தாள். கணவர் கை கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சொன்னாள்:

"சாவியக் குடுத்திருக்கலாம்."

"குடுத்துட்டு எங்க போறது? ஊர்ல நமக்கு ஒரு பாத்தி நிலம் இருக்கா? உன் அண்ணன் வெச்சுக்குவானா?"

"நாளைக்கு ஒருநாள் உடம்பு சரியில்லன்னு படுத்துக்க."

"வீட்டுக்கே வந்து பாப்பாங்க."

"வரட்டும். உயிரோட இருக்கற ஆளத்தானே பாப்பாங்க?"

செப்ரோன் சிரித்தார். "எனக்கு என்ன ஆகும்? இந்தக் குடியிருப்புல பாதிப்பேர் பெம்பா. என்மேல கை வெச்சா அவனவன் பாட்டன் குழிலருந்து எந்திரிச்சு வருவான். கடேபே சும்மா இருப்பானா?"

"வர்றவன் எல்லாம் பெம்பாவா?"

அவர் கீரையை வழித்து வாயில் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமை எதுக்கு அப்படிச் சொன்னே?"

"மச்சான் கேட்டா அப்படித்தான் சொல்லணும். 'சத்தியமா நான் பதுக்கல'ன்னு அழச் சொல்றியா? ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்" என்றாள் எஸ்தெலே. "நாளைக்கு அதையே சொல்லு. அழுதுகிட்டே சொல்லு."

சொல்கிறேன் என்றார்.

செவ்வாய் காலை அவர் கடையைத் திறந்தார். போலீஸ் வரவில்லை. எட்டு மணிக்குள் கடைமுன் மைதானம் நிறைந்துவிட்டது. பெண்கள் பாத்திரத்தோடு வந்திருந்தார்கள். டேவிசனும் அவன் ஆட்களும் வெறுங்கையோடு வரவில்லை; ஒருவனிடம் மண்வெட்டிக் காம்பு, ஒருவனிடம் சுரங்கத்திலிருந்து எடுத்த இரும்புக் கம்பி. கூட்டத்தின் முன்வரிசையில் கடேபே நின்றான். பசியில் அவன் கண் உள்ளே போயிருந்தது.

"சரக்கறையத் திற!" என்றான் டேவிசன்.

செப்ரோன் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் நின்று, "ரோலர் இல்லப்பா. ஆலைலருந்தே வரல. சத்தியமா" என்றார். குரல் மெலிந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை.

கடேபே பொறுமையிழந்து கத்தினான்: "திறந்து காட்டித் தொலையேன்டா எலி!"

பழக்கம் அவரை முந்திக்கொண்டது. மச்சானின் குரல் கேட்டதும் அவர் நிமிர்ந்தார், முகத்தில் பாதிச் சிரிப்பு வந்தது. இந்தத் தடவை குரல் மைதானத்தின் கடைசிவரை கேட்டது.

"குரங்குக்கா? மொதல்ல முழங்கால் போடுடா!"

முன்வரிசைக் கிழவர் ஒருவர் சிரித்தார். அதற்குள் கல் வந்துவிட்டது. கம்பிகளுக்கு நடுவே புகுந்து செப்ரோனின் நெற்றியைப் பிளந்தது. பிறகு கற்கள் எண்ண முடியாமல் வந்தன. கதவை இரும்புக் கம்பியால் நெம்பினார்கள், கீல் பெயர்ந்தது, முன்னால் நின்றவர்களைப் பின்னால் வந்தவர்கள் உள்ளே தள்ளினார்கள். ஒரு பெண் கதவடியில் விழுந்தாள், அவள் கையை மிதித்துக்கொண்டு போனார்கள். சோப்பு, உப்பு, சமையல் எண்ணெய், எல்லாம் பறந்தன. எண்ணெய் டின் உடைந்து தரை வழுக்கியது. வெள்ளை மாவு மூட்டைகளை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து இழுத்ததில் பல கிழிந்து, கடைக்குள் மூச்சுவிட முடியாதபடி மாவு எழும்பியது.

டேவிசன் செப்ரோனின் இடுப்பிலிருந்து சாவியை அறுத்துக்கொண்டு போய்ச் சரக்கறையைத் திறந்தான். உள்ளே ரோலர் இல்லை. பச்சைக்கோடு போட்ட காலிச் சாக்குகள் மட்டும், ஆலைக்குத் திருப்பி அனுப்புவதற்காக, மடித்து மடித்து இடுப்புயரம் அடுக்கியிருந்தன. கூரைவரை மூட்டை என்று நம்பி வந்தவர்கள் அந்த அடுக்கைக் காலால் தள்ளிக் கலைத்துப் பார்த்தார்கள்.

"வித்துட்டான்!" என்றான் ஒருவன். "எல்லையத் தாண்டி ஜயர் நாட்டுக்காரனுக்கு வித்துட்டான்! சாக்கப் பாரு, எவ்வளவு சாக்கு!"

"அதெல்லாம் நீங்க தின்ன மாவோட சாக்கு" என்று செப்ரோன் சொன்னார். வாயில் ரத்தம் நிறைந்திருந்தது. மண்வெட்டிக் காம்பு அவர் தாடையில் இறங்கியது. அவர் மேஜையின் கால்களுக்கிடையே ஊர்ந்தார். மேஜைக்கடியிலிருந்து காலைப் பிடித்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். அடித்தவர்களில் அவர் கடன் கொடுத்த ஆட்களும் இருந்தார்கள், ஒருமுறைகூடப் பார்த்திராத ஆட்களும் இருந்தார்கள். இரும்புக் கம்பி முழங்கையில் பட்டபோது எலும்பு முறிந்த சத்தம் எங்களுக்கு வெளியே கேட்டது.

கடேபே அப்போது ஒரு முழு மூட்டையைத் தோளில் ஏற்றியிருந்தான். இரண்டு பேரை முழங்கையால் இடித்துத் தள்ளி எடுத்த மூட்டை. வாசலை அடைந்தவன் திரும்பிப் பார்த்தான். செப்ரோனும் அவனைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார்.

மூட்டையைக் கீழே வைத்தால் அடுத்த கணம் அது வேறொருவன் தோளில் இருக்கும். கடேபே வாசலைத் தாண்டி ஓடினான். வரிசையின் ஊடே ஓடி, தன் வீட்டுக்குள் மூட்டையைப் போட்டு, "கட்டிலுக்கடியில தள்ளு" என்று பவுலினாவிடம் கத்திவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினான். எஸ்தெலே அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். கடைக்கருகே பெண்கள் அவளைப் பிடித்து நிறுத்தி, மண்ணில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். யார் வைத்ததோ, கடைக்கூரையின் ஒரு மூலையிலிருந்து தீ வெளியே வந்திருந்தது.

கடேபே உள்ளே பாய்ந்தான். அவன் கத்தியது வெளியே கேட்டது: "இவன் என் அடிமைடா! எங்க பாட்டன் புடிச்ச அடிமை! இவன அடிக்க எனக்குத்தான் உரிமை, தள்ளுங்கடா!" அது மச்சான் முறையில் மச்சானைக் காப்பாற்றச் சொல்கிற பேச்சு. பெம்பாக் கிழவர்கள் இரண்டு பேர் உடனே விலகினார்கள். டேவிசனுக்குப் புரியவில்லை, அவன் கடேபேயின் முதுகில் ஒரு அடி போட்டான். கடேபே அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். தீ உள்ளே இறங்கவும் எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள்.

தார்ச்சாலையில் போலீஸ் லாரி அப்போதுதான் வந்து நின்றது. கண்ணீர்ப்புகைக் குண்டுகள் மைதானத்தில் விழுந்தன. கூட்டம் மூட்டைகளோடு நாலாபக்கமும் சிதறியது. ஓடுகிறவர்களைத் துரத்தித் தடியால் அடித்தார்கள். பிறகு சுட்டார்கள்.

கடேபே கடைசியாக வெளியே வந்தான். செப்ரோனை முதுகில் போட்டு, அவர் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, குனிந்து ஓடினான். தலையிலிருந்து கால்வரை மாவு அப்பி அவர் வெள்ளையாக இருந்தார்.

"மூட்டையப் போடு!" என்று ஒரு போலீஸ்காரர் கத்தினார்.

"மூட்டை இல்ல, ஆளு!" என்று கடேபே கத்தினான். "ஆளு இது!"

புகையிலும் கூச்சலிலும் எது யாருக்குக் கேட்டது என்று சொல்ல முடியாது. துப்பாக்கி வெடித்தது. குண்டு செப்ரோனின் முதுகில் பாய்ந்தது. கடேபேக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் இன்னும் சிறிது தூரம் ஓடிய பிறகே கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் தளர்ந்துவிட்டதை உணர்ந்து நின்றான். எஸ்தெலே பிடியை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவன் செப்ரோனைச் சேற்றில் கிடத்தி, சட்டையால் அவர் முகத்திலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா போனே?" என்றாள் எஸ்தெலே. "உன்னைத்தானே நம்பிக்கிட்டிருந்தாரு. எங்கடா போனே?"

கடேபே துடைப்பதை நிறுத்தவில்லை.

வியாழக்கிழமை வானொலியில் விலையேற்றம் ரத்து என்று அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை மருத்துவமனையிலிருந்து உடல் வந்தது. சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் களி கிண்ட மாவு இல்லை. பவுலினா ஒரு பெரிய பேசின் நிறைய வெள்ளை மாவைத் தலையில் சுமந்து வந்து அடுப்புக்கருகே வைத்தாள். எஸ்தெலே பேசினைப் பார்த்தாள், பவுலினாவைப் பார்த்தாள்.

"தண்ணி கொதிச்சாச்சு, போடுங்க" என்றாள்.

கல்லறையில் பெட்டியை இறக்குவதற்கு முன் குழிக்குள் ஒரு மச்சான் இறங்க வேண்டும், படுத்துக்கொண்டு ஏச வேண்டும், கூலி கேட்க வேண்டும். பெம்பாக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடேபேதான் குதித்தான். தண்ணீர் ஊறிய சேற்றில் மல்லாந்து படுத்தான்.

"எலிக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வளை?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. "எனக்குக் கூலி குடுத்தாத்தான் எந்திரிப்பேன். இல்லன்னா இந்த எலியத் திருப்பிக் கொண்டு போங்க. வீட்டுக்கே கொண்டு போங்க." அவன் எழுந்திருக்கவில்லை.

எஸ்தெலே மேல்துணியின் முடிச்சை அவிழ்த்து ஒரு நாணயத்தைக் குழிக்குள் போட்டாள்.

"எந்திரி. மழை வருது" என்றாள்.

அடுத்த வாரம் போலீஸார் வீடுவீடாகச் சோதனை போட்டார்கள். கடேபேயின் கட்டிலுக்கடியில் கால்மூட்டை வெள்ளை மாவு இருந்தது. அவனுக்கு ஆறு மாதம் சிறை. டேவிசன் அகப்படவில்லை. செப்ரோனைச் சுட்டது யார் என்று விசாரணை நடந்ததாகத் தெரியவில்லை. ஜனவரி கடைசியில் புதிய கடைக்காரர் குடும்பத்தோடு வந்தார். எஸ்தெலே வீட்டைக் காலி செய்துவிட்டு பிள்ளைகளோடு கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். பிப்ரவரியில் கடைக்கு ரோலர் மாவு வந்தது, பழைய விலைக்கு.